நேராக நின்ற சுவர்

கொத்தனார் யாரையும் நம்ப மாட்டார். மணல் வந்து இறங்கினால் ஒரு கை அள்ளிக் கசக்கி, உள்ளங்கையில் மண் ஒட்டுகிறதா என்று பார்ப்பார். செங்கல் வந்தால் இரண்டை எடுத்து ஒன்றோடொன்று தட்டிக் காது கொடுத்துக் கேட்பார். டாக்டர் எழுதித் தந்த மாத்திரையை மருந்துக்கடைக்காரரிடம் நீட்டி, "இது சரியான மாத்திரைதானா?" என்று கேட்பார். மருந்துக்கடைக்காரரை நம்பினாரா என்றால் அதுவும் இல்லை. வீட்டுக்கு வந்து மருமகளிடம் இன்னொரு தரம் காட்டிவிட்டுத்தான் விழுங்குவார்.

அப்படிப்பட்ட மனுஷன் தட்டிப் பார்க்காமல் நம்பிய ஆள் உலகத்தில் ஒருத்திதான். மூன்றாம் வகுப்பு படிக்கும் பேத்தி. ஊரில் அவளுக்கு ரேடியோ என்று பேர். காதில் விழுந்ததெல்லாம் அட்சரம் பிசகாமல் வாயில் வந்துவிடும். பக்கத்து வீட்டுப் புருஷன் பெண்டாட்டி சண்டையை இரண்டு பேர் குரலிலும் பேசிக் காட்டுவாள். அவள் அப்பன் லாரி ஓட்டுகிறவன். கிளம்பிப் போனால் எப்போது திரும்புவான் என்று அவனுக்கே தெரியாது. அம்மா தையல் மிஷினில் குனிந்தால் நிமிர நேரமிருக்காது. மிச்சமிருப்பது தாத்தாவும் பேத்தியும்தான்.

சாயங்காலம் வேலை முடிந்து வந்து, கை கால் கழுவிக்கொண்டு, தட்டின் முன்னால் உட்காருவார். எதிரே சுவரோரம் ரேடியோ புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு கணீரென்று படிப்பாள். பக்கம் புரளும். குரல் தடுக்காது. அவர் மெல்லுவதை நிறுத்திவிட்டுக் கேட்பார்.

"பாத்தியாம்மா? நம்ம குடும்பத்துல எழுத்து எவனுக்கும் ஒட்டலை. இவளுக்கு நாக்குலயே உக்காந்திருக்கு" என்பார் மருமகளிடம்.

"கண்ணு படப்போகுது மாமா, சாப்பிடுங்க" என்பாள் அவள்.

இவள் ஒருத்தி படித்து ஆளாகிவிட்டால் போதும், மற்றதெல்லாம் எக்கேடு கெட்டாலும் பரவாயில்லை என்று இருந்தார். அவருடைய படிப்பு மூன்றாவதோடு நின்றுபோனது. இலக்கங்கள் அவரிடம் தண்ணீர் மாதிரி ஓடும். எழுத்துகளை மட்டும் ஒவ்வொன்றாகப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். யாராவது காகிதத்தை நீட்டினால், "கண்ணாடி கொண்டாரலை, நீயே படிச்சுச் சொல்லு" என்று விடுவார். கண்ணாடி சட்டைப்பையில்தான் இருக்கும்.

தெரு முடிகிற இடத்தில் பள்ளிக்கூடம். ஓட்டுக்கூரை போட்ட ஒரே ஒரு நீளக் கூடம். ஒன்றாவதிலிருந்து ஐந்தாவது வரை எல்லாப் பிள்ளைகளும் அதற்குள்தான். டீச்சரும் ஒருவர்தான். தினமும் பஸ்ஸில் வந்து இறங்கி, அவரே பூட்டைத் திறந்து, அவரே பெருக்கி, அவரே மணியடிப்பார். உள்ளே இரைச்சல் சந்தைக்கடை மாதிரி இருக்கும். தெருவில் போகிறவர்கள், "இதுக்குள்ள என்னத்தப் படிக்குதுங்களோ" என்று சொல்லிக்கொண்டு போவார்கள். ஆனால் இங்கே ஐந்தாவது முடித்துப் போகிற பிள்ளைகள் பெரிய பள்ளிக்கூடத்தில் பின்தங்கியதில்லை. அது எப்படி என்று யாரும் யோசித்ததில்லை. கொத்தனாரும்தான்.

மழைக்கு முன்னால் கூரையில் உடைந்த ஓடுகளை மாற்ற வேண்டுமென்று அவரைக் கூப்பிட்டார்கள். மேலே ஏறி உட்கார்ந்து உடைந்த ஓடு ஒன்றை எடுத்தார். எடுத்த இடத்தில் ஒரு சதுர ஓட்டை. அதன் வழியாகக் கீழே பார்த்தார்.

டீச்சர் ஒரு மூலையில் பெரிய பிள்ளைகள் சிலரோடு தரையில் உட்கார்ந்து ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். நடுவில் ஐந்தாவது பையன் ஒருவன் தன்னைவிடச் சின்னவர்களோடு குச்சி அடுக்கிக்கொண்டிருந்தான். அந்தக் கடைசியில், காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள் ரேடியோ. அவளைச் சுற்றி ஒன்றாவது பொடிசுகள். ஒன்று அவள் மடியில் தலை வைத்திருந்தது. இன்னொன்றின் மூக்கைத் தன் பாவாடையால் துடைத்துவிட்டு, தரையில் சாக்குக்கட்டியால் ஓர் எழுத்தைப் போட்டுக் காட்டினாள்.

கொத்தனாருக்குச் சுர்ரென்று ஏறியது. அவர் பிழைப்பில் இதைப் பார்த்திருக்கிறார். தான் நிழலில் உட்கார்ந்துகொண்டு, கற்றுக்கொள்ள வந்த ஆளை வைத்து முழு வேலையையும் முடித்துக்கொள்ளும் ஆசாமிகளைப் பார்த்திருக்கிறார்.

"டீச்சரம்மா!" என்று கூரைமேலிருந்து கத்தினார். பிள்ளைகள் எல்லாம் அண்ணாந்து பார்த்தன. "என் பேத்தியப் படிக்க அனுப்புனனா, ஆயா வேலைக்கு அனுப்புனனா?"

டீச்சர் எழுந்து வந்து ஓட்டைக்கு நேராக நின்றார். "ஐயா, கீழ இறங்கி வாங்க. உக்காந்து பேசலாம்."

"இறங்கியெல்லாம் வர முடியாது. சித்தாள் கையில கரணையக் குடுத்துட்டு, மேஸ்திரி நிழல்ல உக்காந்திருந்தா அவனை என்னன்னு சொல்லுவீங்க?"

கீழே ஓடு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த சித்தாள், தலைச்சும்மாட்டைச் சரிசெய்தபடி, "உங்க பேரைத்தான் சொல்லுவேன் மேஸ்திரி" என்றாள்.

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தன. ரேடியோவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவருக்கு இன்னும் சூடேற்றியது.

அன்று சாயங்காலத்திலிருந்து அவருக்கு வேறு பேச்சில்லை. கடை வாசலில் சொன்னார், குழாயடியில் சொன்னார், சலூனில் பாதிச் சவரத்தில் எழுந்து உட்கார்ந்து சொன்னார். சம்பளம் வாங்குவது ஒருத்தர், பாடம் நடத்துவது நம் வீட்டுப் பிள்ளைகள். கேட்டவர்களுக்கெல்லாம் அது நியாயமாகத்தான் பட்டது. ஏற்கெனவே மனசில் இருந்த சந்தேகத்துக்கு ஒரு ஆள் வாய் கொடுத்தால் ஊர் விடுமா? பெற்றோர் கூட்டம் போட்டார்கள்.

கூட்டத்துக்குக் கடைக்காரர்தான் தலைவர். மளிகைக் கடை வைத்திருப்பதால் எல்லார் வீட்டு விஷயமும் அவருக்குத் தெரியும்; அதனாலேயே தலைவர். பெரியவர்கள் பிள்ளைகளுடைய குட்டைப் பெஞ்சுகளில் முழங்கால் மூக்கில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளைகள் வெளியே ஜன்னல் கம்பிகளில் தொற்றிக்கொண்டு வேடிக்கை பார்த்தன.

கொத்தனார் எழுந்தார். "நான் சுத்தி வளைச்சுப் பேச மாட்டேன். ஒரே கேள்வி. மூணாவது படிக்கிற பிள்ளை எதுக்கு ஒண்ணாவதுக்குப் பாடம் எடுக்கணும்? இதுக்கு மட்டும் டீச்சர் பதில் சொல்லட்டும்."

டீச்சர் அவரைப் பார்த்தார். பிறகு ஜன்னல் பக்கம் பார்த்தார். வாயைத் திறந்தவர் மூடிக்கொண்டார்.

"அது அவளுக்கு நல்லதுங்க" என்றார்.

"என்ன நல்லது?"

டீச்சர் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"சொல்லுங்கம்மா, எல்லாரும் கேக்கறோம்ல" என்றார் கடைக்காரர்.

"நல்லதுன்னு எனக்குத் தெரியும். அவ்வளவுதான் சொல்ல முடியும்."

பின்னாலிருந்து ஒருத்தி 'ச்சு' கொட்டினாள். "பதில் இருந்தாத்தானே சொல்றதுக்கு" என்றான் ஒருவன். டீச்சரின் முகம் காது வரைக்கும் சிவந்து போயிற்று. கொத்தனாருக்கு அது திருடன் பிடிபட்டால் சிவக்கிற சிவப்பாகத் தெரிந்தது. செங்கல்லைத் தட்டி ஓசை கேட்கிறவருக்கு அன்றைக்கு அந்த மௌனத்தைத் தட்டிப் பார்க்கத் தோன்றவில்லை.

"சோம்பேறித்தனத்துக்கு நல்லதுன்னு பேரு வச்சா ஆச்சா?" என்று ஒரே போடாகப் போட்டார். "கூடத்துக்கு நடுவுல ஒரு சுவரை எழுப்புவோம். சின்னதுங்க அந்தப் பக்கம், பெரிசுங்க இந்தப் பக்கம். அவங்கவங்க வகுப்புல அவங்கவங்க உக்காரட்டும். பெரிய பள்ளிக்கூடத்துல நடக்குதே, அந்த மாதிரி. சுவரை நான் கட்டித் தர்றேன். கூலி வேண்டாம்."

"ஐயா, சுவர் மட்டும் வேண்டாங்க" என்றார் டீச்சர். "இந்தச் சத்தம்தான் இந்தப் பள்ளிக்கூடம்."

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். சும்மா கிடைக்கிற சுவரை வேண்டாமென்று சொல்ல ஊருக்கு என்ன பைத்தியமா? கை தூக்கினார்கள். முடிந்தது.

மறுநாள் செங்கல் இறக்கிக்கொண்டிருந்தபோது டீச்சர் அவரிடம் வந்து, "ஐயா, ஒரு நிமிஷம் தனியாப் பேசணும்" என்றார். கொத்தனார் கையில் இருந்த கல்லைக்கூடக் கீழே வைக்கவில்லை. "தனியா என்ன பேச்சு? பேசறதை ஊருக்கு முன்னாடி பேசுங்க." டீச்சர் உள்ளே போய்விட்டார். ஏதோ பேரம் பேச வந்திருக்கிறாள், தன்னிடம் நடக்கவில்லை என்று அவர் சித்தாளிடம் பெருமையாகச் சொன்னார்.

சுவரை எழுப்பினார். தன் ஆயுசில் அப்படி ஒரு சுவரை அவர் கட்டியதில்லை. வரிக்கு வரி ரசமட்டம் வைத்துப் பார்த்தார். ஓரத்தில் ஆள் போய்வர ஒரு வழி விட்டார். பூச்சு வேலை முடிந்து கையை வைத்துத் தடவினால் கண்ணாடிபோல வழுக்கியது. வந்து பார்த்தவர்களெல்லாம், "மேஸ்திரி கையே கை" என்றார்கள். சாயங்காலம் தெருவில் போகும்போது வேண்டுமென்றே பள்ளிக்கூடம் வழியாகச் சுற்றிப் போனார். உள்ளே சத்தமே இல்லை. இதல்லவா பள்ளிக்கூடம் என்று தலையை நிமிர்த்திக்கொண்டு நடந்தார்.

முதலில் வந்து சொன்னவள் சித்தாள்தான். அவள் பேரன் ஒன்றாவது.

"அவன் போக மாட்டேங்கிறான் மேஸ்திரி. ரேடியோ அக்கா இந்தப் பக்கம் இல்லியாம்."

"அதட்டி அனுப்பு."

"அதட்டினாக் காலைக் கட்டிக்கிட்டு அழுவுறான். இன்னும் ரெண்டு மூணு வீட்டுலயும் இதே கதைதான். டீச்சரம்மா பாவம், அந்தப் பக்கத்துக்கும் இந்தப் பக்கத்துக்கும் ஓடி ஓடிச் செருப்பு தேஞ்சுது. இந்தப் பக்கம் வந்தா அந்தப் பக்கம் அடிச்சுக்குதுங்க."

"ஓடட்டும். இத்தனை நாள் உக்காந்திருந்ததுக்கு" என்றார் அவர்.

அடுத்து வீட்டில் சத்தம் குறைந்தது. ரேடியோ பேசவில்லை. பக்கத்து வீட்டில் பாத்திரம் பறக்கிற அளவுக்குச் சண்டை நடந்தும் அவள் நடித்துக் காட்டவில்லை. காலையில் வயிற்று வலி என்றாள். மறுநாளும் வயிற்று வலி. மருமகள் கஷாயம் கொடுத்தாள். பள்ளிக்கூடம் போகிற நேரம் கடந்ததும் வலி நின்றுவிட்டது.

"என்னம்மா, டீச்சர் அடிச்சாளா?" என்று கேட்டார் கொத்தனார். அவருக்கு முதலில் தோன்றியது அதுதான்.

"இல்ல தாத்தா."

"பின்ன என்ன? சரி, புத்தகத்தை எடு. புதுப் பாடம் படி, கேப்போம்."

அன்று அவர் தட்டோடு அவளுக்கு எதிரே உட்காரவில்லை. பிள்ளைக்கு உடம்பு சரியில்லையே என்று அவள் பக்கத்தில், தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்தார். ரேடியோ புத்தகத்தைத் திறந்தாள். விரலை வரியின் கீழ் வைத்தாள். மழை எப்படி வருகிறது என்று ஆரம்பித்தாள். மேகம், காற்று, துளி என்று தடுக்காமல் ஓடியது.

அந்தப் பக்கத்தில் போட்டிருந்த படம் ஒரு படகு.

கொத்தனார் முதலில் படத்தைத்தான் பார்த்தார். மழைப் பாடத்தில் படகு எதற்கு என்று நினைத்தார். சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். பேத்தியின் விரல் நின்ற இடத்தில் இருந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தள்ளினார். ப. ட. கு. பேத்தியின் வாய் மழை என்றது. தன் கண்ணையே நம்பாமல் இன்னொரு தரம் கூட்டினார். படகுதான். அடுத்த வரி, துடுப்பு. அவள் வாய், மேகம்.

"இரு. இது என்ன?" என்று ஒரு சொல்லைத் தொட்டார்.

"எது தாத்தா?"

"இதோ, இது."

ரேடியோ அதை வெகுநேரம் பார்த்தாள். கண்ணைக் கசக்கிக்கொண்டாள். "கண்ணு எரியுது தாத்தா. நாளைக்குப் படிக்கிறேனே."

கொத்தனாருக்கு உள்ளே ஏதோ பிடி நழுவியது. கண்ணு எரியுது. கண்ணாடி கொண்டாரலை. ஊரில் எவனை ஏமாற்றினாலும் அந்தப் பொய் அவரை ஏமாற்றாது. அதோடு குடித்தனம் நடத்தியவர் அவர்.

"சரிடா. நாளைக்குப் படிச்சா ஆச்சு" என்று புத்தகத்தை மூடினார். மருமகள் மிஷினை நிறுத்திவிட்டு, "என்ன மாமா?" என்றாள். "ஒண்ணுமில்ல. பிள்ளைக்குக் கண்ணு எரியுதாம்" என்றார்.

அத்தனை சாயங்காலமும் அவர் சோற்றை மெல்லாமல் கேட்டது படிப்பு அல்ல. காதில் விழுந்தது திரும்பி வந்ததுதான். அதுகூட அவரைச் சுடவில்லை. கூட்டத்தில் ஜன்னல் பக்கம் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்ட டீச்சரின் முகம் வந்து எதிரில் நின்றது. அதுதான் சுட்டது. போய்ப் படுத்தும் திரும்பிப் படுத்தும் அந்த முகம் போகவில்லை.

காலையில் பிள்ளைகள் வருவதற்கு முன் பள்ளிக்கூடத்துக்குப் போனார். டீச்சர் பெருக்கிக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்ததும் துடைப்பத்தை நிறுத்தினார்; கீழே போடவில்லை.

"பிள்ளைக்குப் படிக்க வரலை" என்றார் கொத்தனார், வாசலிலேயே நின்றுகொண்டு.

"எப்பத் தெரிஞ்சுது?"

"நேத்து."

"உங்களுக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரியுமா?"

"காட்டிக்கலை."

"காட்டிக்க வேண்டாம்." டீச்சர் பெருமூச்சு விட்டார். "அவ ரெண்டாவது முடிக்கற சமயத்துலதான் எனக்கே தெரிஞ்சுது. அவ்வளவு சாமர்த்தியம். மத்தவங்க படிக்கறதைக் காதுல வாங்கியே ரெண்டு வகுப்பு தாண்டிட்டா. அதட்டியிருந்தா மறுநாளே நின்னிருப்பா. ஒண்ணாவதுல கொண்டுபோய் உக்கார வச்சா மானம் போயிடும். அதனால, சின்னப் பசங்களுக்கு நீதான் எழுத்து சொல்லித் தரணும், எனக்கு உதவி பண்ணுன்னேன். பத்திக்கிச்சு. இன்னிக்கு எந்த எழுத்து நடத்தணும்னு காலையில முதல் ஆளா வந்து கேப்பா. தெரிஞ்சுக்காம எப்படிச் சொல்லித் தருவா? பாதி எழுத்துக்கு மேல வந்துட்டா. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா..."

முடிக்கவில்லை. சுவரைப் பார்த்தார்.

"அவ மட்டும் இல்லீங்க. குச்சி அடுக்கிட்டு இருந்தானே அஞ்சாவது பையன், அவன் கணக்குல இன்னும் ரெண்டாவதைத் தாண்டலை. ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஓட்டை இருக்கு. ஒரே கூடமா இருந்தா யாரு எந்த வகுப்புன்னு எவனுக்கும் தெரியாது. எங்க விட்டானோ அங்க போய் நைசா உக்காந்துக்குவான். நடுவுல கோடு போட்டா, எந்தப் பக்கம் நிக்கணும்னு கேள்வி வந்துடுது."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே டீச்சர்?"

"ஜன்னல்ல அவ நின்னுட்டிருந்தா."

கொத்தனார் தரையைப் பார்த்தார்.

"மறுநாள் உங்க கிட்டத் தனியாச் சொல்லலாம்னு வந்தேன்" என்றார் டீச்சர். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லக் கொத்தனாருக்கு வாய் வரவில்லை. அந்தச் சொல்லை அவர் யாரிடமும் புழங்கியதில்லை. "சுவரை எடுத்துடறேன்" என்றார்.

"ஏன் எடுக்கறீங்கன்னு ஊர் கேக்குமே?"

"அது என் பாடு."

"அவ பேரு வரக் கூடாதுங்க."

"நான் அவளுக்குத் தாத்தா டீச்சர்."

"தெரியும். அதான் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு அவர் பெருக்க ஆரம்பித்தார்.

கடைக்காரர் மறுபடியும் கூட்டம் கூட்டினார். அதே குட்டைப் பெஞ்சுகள், அதே முழங்கால்கள். ஜன்னல் கம்பிகளில் அதே பிள்ளைகள். கொத்தனார் எழுந்தார். இந்தத் தடவை எழுவதற்கே நேரமாயிற்று.

"சுவரை இடிக்கணும். தப்பாக் கட்டிட்டேன்."

"தப்பான்னா?"

"அடியில அஸ்திவாரம் எடுக்காம தரைமேலயே தூக்கிட்டேன். தளம் உள்வாங்குது. சுவர் கோணிடுச்சு. பிள்ளைங்க மேல விழும்."

கடைக்காரர் எழுந்து போய்ச் சுவரில் கை வைத்துத் தள்ளினார். தோளைக் கொடுத்துத் தள்ளினார். கல்லுப் பிள்ளையார் மாதிரி நின்றது அது.

"அசையக் கூட இல்லியே மேஸ்திரி?"

"விழற சுவர் உங்க கிட்டச் சொல்லிட்டா விழும்?"

"பாத்தா நேராத்தான் இருக்கு..."

"கட்டினவன் சொல்றேன், கோணல்னு. உங்களுக்குத் தெரியுமா எனக்குத் தெரியுமா?"

சித்தாள் கதவோரம் நின்றிருந்தாள். ரசமட்டம் வைத்தபோதெல்லாம் கூட நின்றவள். கொத்தனாரை ஏற இறங்கப் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்தாள். அவர் முகத்தில் என்ன தெரிந்ததோ, "ஆமா, கலவையிலயும் மணல் ஜாஸ்தி" என்று ஒரு போடு போட்டுவிட்டு வெற்றிலை துப்ப வெளியே போய்விட்டாள்.

"ஓசியில கட்டினா இப்படித்தான்" என்றான் ஒருவன். சிரிப்பு கிளம்பியது. "ஊரான் சுவரையெல்லாம் குத்தம் சொல்லுவாரே, இப்ப என்னாச்சாம்?" "என் வீட்டு மாடியையும் ஒரு தரம் பாத்துடணும்பா." வீடு கட்டுவதற்கு அவரிடம் சொல்லி வைத்திருந்த ஒருத்தர், பக்கத்தில் இருந்தவரிடம் வேறு மேஸ்திரியின் பேரைக் கேட்டது அவர் காதிலேயே விழுந்தது.

உட்கார்ந்துவிடலாம்போல இருந்தது. உட்காரவில்லை.

"இன்னொண்ணு. டீச்சரைச் சோம்பேறின்னு சொன்னேன். அது என் வாய்க்கொழுப்பு. அவங்க செஞ்சதுதான் சரி. சுவர் போனதும் பழையபடியே நடத்தட்டும்."

"பிள்ளைங்களை வச்சுப் பாடம் எடுக்கறது சரியா?" என்றார் கடைக்காரர். "அன்னிக்கு இல்லேன்னீங்க. இன்னிக்கு எப்படிச் சரியாச்சு?"

உண்மையான பதில் ஜன்னல் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. கொத்தனார் அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்கப் பெரும்பாடுபட்டார். "சரிதான்னு எனக்குத் தெரியும். அவ்வளவுதான் சொல்ல முடியும்" என்றார். தன் வாயிலிருந்து வந்தது யார் பேச்சு என்று சொன்ன பிறகுதான் உறைத்தது. டீச்சர் தலை நிமிரவில்லை.

"வயசாச்சு மேஸ்திரிக்கு" என்று யாரோ முணுமுணுத்தார்கள். சுவரை எடுத்துவிடுவது என்று முடிவாயிற்று. டீச்சரைப் பற்றி எந்த முடிவும் ஆகவில்லை. கலைந்து போகும்போது ஒருத்தி, "என்ன இருந்தாலும், அன்னிக்குப் பதில் சொல்லாம முழிச்சாளே" என்று சொன்னது கேட்டது. ஊர் வாயில் அவர் போட்டது ஊர் வாயிலேயே இருந்தது. அதைச் சம்மட்டி வைத்தா எடுக்க முடியும்?

விடுமுறை நாளில் இடித்தார். நன்றாகக் கட்டிய சுவர் லேசில் விடவில்லை. உளி வைத்த இடத்தில் பொடி உதிர்ந்ததே தவிரக் கல் பெயரவில்லை. சித்தாள் கல்லைத் துடைத்து அடுக்கிக்கொண்டே, "கோணல் சுவருக்கு இம்புட்டுப் பிடிவாதமா?" என்றாள். அவர் அடுத்த கல்லில் உளியை வைத்தார். அவளும் மேலே கேட்கவில்லை.

பள்ளிக்கூடம் மறுபடி இரைச்சலாயிற்று. சித்தாளின் பேரன் அழாமல் போனான். ரேடியோவின் வயிற்று வலி போனது. ஒரு நாள் காலையில் அவள், தலை வாரிக்கொண்டிருந்த அம்மாவிடமிருந்து சீப்பைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, இன்றைக்கு எந்த எழுத்து என்று கேட்க வேண்டுமென்று முதல் ஆளாக ஓடினாள். கொத்தனார் இப்போது பள்ளிக்கூடம் வழியாகப் போவதில்லை. டீச்சர் பஸ் இறங்குகிற நேரம் பார்த்து வேறு தெருவில் திரும்பிக்கொள்வார். வேலையும் குறைந்துவிட்டது. கோழிக்கூட்டுக்குச் சுவர் வைக்கக் கூப்பிட்டவன்கூட, "நேரா இருக்குமா மேஸ்திரி?" என்று பல்லைக் காட்டினான். "இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போய்க் கட்டினார்.

ஒரு மத்தியானம் ரேடியோ உதட்டைப் பிதுக்கிக்கொண்டு வந்தாள். முழங்கையில் சிராய்ப்பு.

"என்னடா? விழுந்தியா?"

"சண்டை போட்டேன்."

"எதுக்கு?"

"உங்க தாத்தாவுக்குச் சுவர் கட்டத் தெரியாதுன்னு ஒருத்தன் சொன்னான். அடிச்சிட்டேன்." அவரை நிமிர்ந்து பார்த்தாள். "அந்தச் சுவர் நேராத்தானே தாத்தா இருந்துச்சு? நான் கன்னத்தை வச்சுப் பாத்திருக்கேன். நேரா இருந்துச்சு."

கோழிக்கூட்டு மண் காயாத கையை அவர் வேட்டியில் துடைத்தார். துடைத்த கையை மறுபடியும் துடைத்தார். நேராகத்தான் இருந்தது என்று ஒரு வார்த்தை. இந்த ஒருத்தியிடமாவது. நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. சொன்னால், பின்ன எதுக்குத் தாத்தா இடிச்சீங்க என்று அடுத்த கேள்வி வரும். காதில் விழுந்ததை விடுகிற பிள்ளையா அவள்?

"இல்லடா. கோணல்தான்" என்றார்.

"நிஜமாவா?"

"நிஜமா. தாத்தாவுக்குச் சரியா வரலை."

ரேடியோ கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு அவர் பக்கத்தில் வந்து காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, அவருடைய காய்த்துப்போன கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ஒன்றாவது பொடிசுகளிடம் பேசுகிற குரல் வந்தது.

"பரவால்ல தாத்தா. அழாதீங்க. முதல்ல எல்லாருக்கும் அப்படித்தான் வரும். இன்னொரு தடவை மெதுவாப் போட்டுப் பாக்கலாம், சரியா? நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்."

கொத்தனார் தலையாட்டினார். கையை அவளிடமே விட்டுவிட்டு, முகத்தை மட்டும் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.